ஏழு எழுதுவது சுலபம்

ஓட்டாஹுஹு பணிமனை, விடிகாலை நாலரை.
பேருந்தின் விளக்கைப் போடுவதற்கு முன்
என் விரல்நுனியில் ஒரு பொட்டுச் சிவப்பு.
கருவி ஐந்து நொடி யோசிக்கும்.
அந்த ஐந்து நொடியும்
மூச்சு விடலாமா என்று யாரையோ கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஆறு புள்ளி எட்டு.

ராத்திரி ஏழு மணிக்குக் கீரையும் ஒரு துண்டு மீனும்.
அப்புறம் தண்ணீர்தான்.
தண்ணீரில் எந்த ஊரில் சர்க்கரை இருக்கிறது?
வெறும் வயிற்றில் ஐந்து புள்ளி மூன்றுக்குள், என்கிறது
குளிர்பெட்டியில் ஒட்டிய மஞ்சள் அட்டை.
பக்கத்தில் ஓர் ஆப்பிள் படம்.
அதற்குச் சிரிப்பு வேறு வரைந்திருக்கிறார்கள்.

இருபத்தேழாவது வாரம்.
கட்டைவிரல் இரண்டையும் ஹாரனுக்கு விட்டுவைத்திருக்கிறேன்,
மற்ற எட்டும் புள்ளி வைத்த கோலம்.
வளைவில் ஸ்டீயரிங்கை இழுக்கும்போது
ஒவ்வொரு குத்தும் தன் பெயர் சொல்லும்:
செவ்வாய் மதியம், புதன் இரவு,
ஃபெலேட்டி ஆசையாய் வாங்கிவந்த அன்னாசி பன்.

சேமிசி பிறந்தபோது நாலே முக்கால் கிலோ.
சபைக்கூடத்தில் கைதட்டினார்கள்,
டோங்கா ரத்தம் என்றால் சும்மாவா என்றார்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள்
சர்க்கரை சரிந்து, சொட்டு மருந்து ஏறி
இரண்டு நாள் அவன் நடுங்கியதை
கைதட்டியவர்கள் யாரும் வந்து பார்க்கவில்லை.
அப்போது எனக்கு இந்தக் கருவியும் தெரியாது,
இந்த நோய்க்கு என் முகவரி தெரியும் என்பதும் தெரியாது.

போன ஞாயிறு.
மண்ணுக்குள் சுட்ட சேப்பங்கிழங்கு,
இலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சி.
"இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று
நாத்தனார் ஃபுசி தட்டைக் குவித்தாள்.
சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், ருசித்துச் சாப்பிட்டேன்.
ஒரு மணி நேரம் கழித்து
கூடத்தின் கழிவறையில் தாழ்போட்டுக் குத்தினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக்குழு
உச்சஸ்தாயிக்கு ஏறிக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம்
பதினொன்று புள்ளி இரண்டு.

நோட்டில் ஏழு புள்ளி ஒன்று என்று எழுதினேன்.
ஏழு எழுதுவது சுலபம்.
ஒரு கோடு, ஒரு சறுக்கல்.

கருவிக்கு ஞாபகசக்தி உண்டென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
மருத்துவச்சி ஹூயா, என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
ஒரு வயரைச் செருகினாள்.
திரையில் என் ஞாயிற்றுக்கிழமை
மலைபோல எழுந்து நின்றது.
மடியில் நோட்டு. மேசையில் திரை.
இரண்டுக்கும் நடுவில் என் வயிறு.

திட்டுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.
அவள் திரையைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்:
"ஏழுக்கு நான் மருந்து எழுதினால்
பதினொன்றில் இருக்கும் பிள்ளைக்கு
அது போய்ச் சேராது, லொசாலீன்."

அழுதேன். டிஷ்யூ பெட்டி காலி.
அவள் கை துடைக்கும் பேப்பரைக் கிழித்துத் தந்தாள்,
சொரசொரப்பாக இருந்தது.

பிறகு அந்தக் காலை எண்ணைக் கேட்டேன்,
ஒன்றும் தின்னாமல் ஏறும் எண்ணை.
"நீ தூங்கினாலும் ஈரல் தூங்காது.
விடியப்போகிறது, இவளுக்குத் தெம்பு வேண்டும் என்று
அதுவாகச் சர்க்கரை அளந்து கொட்டும்.
உன் தப்பில்லை."
அதுவும் முதல் ஷிப்டா என்றேன்.
சிரித்துக்கொண்டே
இரவு ஊசியைப் பதினாலிலிருந்து பதினெட்டாக்கினாள்.
நுனியில் குத்தாதே, ஓரத்தில் குத்து,
ஸ்டீயரிங் படாத பக்கம் என்று
என் விரலைத் திருப்பிக் காட்டினாள்.

இன்று மழை. அதே நாலரை.
ஐந்து புள்ளி ஆறு.
இன்னும் மூன்று புள்ளி இறங்க வேண்டும்.
ஊசி கூடும், அவ்வளவுதான்.

நோட்டைத் திறந்தேன்.
ஐந்து எழுத நேரம் ஆகிறது:
மேலே ஒரு தொப்பி, கொஞ்சம் கழுத்து,
அப்புறம் அந்தப் பெரிய வயிறு.
உள்ளிருந்து ஓர் உதை, பேனா நழுவி
வயிறு இன்னும் பெரிதாகிவிட்டது.
அடிக்கவில்லை, திருத்தவில்லை.

கதவைத் திறக்கிறேன்.
விமான நிலையத்தில் தரை துடைக்கும் பெண்
குடையை உதறி ஏறுகிறாள்.
அவள் அட்டையைத் தொட்டதும் இயந்திரம் பீப் என்கிறது.